ரேடியல் கம்பி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓரகடம் வழியாகச் சிங்கபெருமாள்கோவில் போகும் மாநில நெடுஞ்சாலை 57-இல், ஞாயிறு விடியலில் ரோடு பைக் ஓட்டுகிறவர்களிடம் பஞ்சர் எதனால் ஆனது என்று கேட்டுப் பாருங்கள். ஆணி என்று சொல்பவர்கள் குறைவு. கண்ணாடி என்பார்கள் சிலர். ‘கம்பி’ என்ற பதில்தான் அடிக்கடி வரும். அந்தக் கம்பியை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால்தான் கண்ணில் படும். தடிமன் கால் மில்லிமீட்டர் அளவு, நீளம் நான்கைந்து மில்லிமீட்டர். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய டயரை நடுரோட்டில் உட்கார வைக்க இது போதும்.

இந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் பஞ்சர் ஆகாத டயரைத் தேடுவது வீண்வேலை. கடையில் ‘பஞ்சர் புரூஃப்’ என்று எழுதியிருக்கும் எல்லா டயரும் எல்லாப் பகையையும் தடுக்காது. கண்ணாடியைத் தடுக்கும் முறை வேறு, கம்பியைத் தடுக்கும் முறை வேறு.

கம்பி பிறக்கும் இடம் லாரி டயர். 1946-இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில், ரப்பருக்கு அடியில் எஃகு இழைகளை முறுக்கிச் செய்த பட்டைகள் சுற்றப்பட்டிருக்கும். ரப்பர் எஃகோடு நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு இழைக்கும் பித்தளை முலாம் பூசுவார்கள். இழையின் தடிமன் பொதுவாக 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர். லாரி டயரில் இப்படிப்பட்ட பட்டைகள் மூன்று நான்கு அடுக்கு இருக்கும். அதற்கு முந்தைய தலைமுறை லாரிகள் நைலான் டயரில் ஓடின. அவற்றின் மிதிபரப்புக்கு அடியில் எஃகுப் பட்டை இல்லை. நம் தாத்தா காலத்து சைக்கிள்காரர்கள் லாட ஆணிக்கும் செருப்பாணிக்கும் கருவேல முள்ளுக்கும் பயந்தார்கள். இந்தக் கம்பியை அவர்கள் அறியவே மாட்டார்கள். இந்திய லாரிகள் நைலானை விட்டு ரேடியலுக்கு மாறிய கடந்த இருபது ஆண்டுகளில்தான் இது சாலையோரத்துப் பயிராகிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர்–ஓரகடம் தொழில் வழித்தடம் அந்த மாற்றத்தின் நடுவில் இருக்கிறது. ஓரகடத்தில் அப்போலோ டயர்ஸின் ஆலை 2010-இல் ஓடத் தொடங்கியது. லாரி, பஸ், கார் மூன்றுக்கும் அங்கே ரேடியல் டயர்கள் செய்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜேகே டயரின் ஆலை இருக்கிறது. சியட் நிறுவனமும் 2020-இல் வந்து சேர்ந்துவிட்டது. டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள் ஓரகடத்திலேயே தயாராகின்றன. ஆலை வாசலைத் தாண்டும் புது டயர்களுக்கும் நம் பஞ்சருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, எங்கெங்கோ சுமை இழுத்து, மூலப்பொருளோடும் கன்டெய்னரோடும் இந்தச் சாலைக்கு வந்து வெடிக்கும் கிழட்டு டயர்கள்தான் கம்பியைக் கொட்டுகின்றன. இத்தனை டயர் ஆலைகள் இருக்கும் ஊரில் சைக்கிள்காரர் வாங்கும் டயர் மட்டும் ஜெர்மனியிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வருகிறது. நாட்டின் சைக்கிள் டயர்த் தொழில் லூதியானா பக்கம் வேரூன்றியது. அங்கே உருவாகும் பெரும்பாலான டயர்கள் சாதாரண சைக்கிளுக்கானவை.

லாரி டயர் ஏன் கிழிகிறது? காற்று குறைந்த டயரில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி நிமிரும். அந்த மடிப்பில் செலவாகும் ஆற்றல் வெப்பமாக மாறும். வெப்பம் எஃகுப் பட்டையின் ஓரங்களில் சேரும்போது ரப்பருக்கும் எஃகுக்கும் இடையிலுள்ள பிடி விட்டுப்போகிறது. மே மாதத் தார்ச்சாலை தன் பங்குக்குச் சூடேற்றும். சாலையில் கிடக்கும் ரப்பர் துண்டைப் பார்த்ததும் ‘ரீட்ரெட் டயர்’, அதாவது தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது, என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். துண்டைக் குனிந்து பார்ப்பது நல்லது. மேலே ஒட்டிய ரப்பர் மட்டும் உரிந்திருந்தால் அதில் கம்பி இருக்காது. கம்பி பிதுங்கிக்கொண்டு நின்றால், முறிவு டயரின் உடம்புக்குள்ளேயே நடந்திருக்கிறது. அதற்கு ரீட்ரெட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. புது டயரையும் காற்றில்லாமல் ஓட்டிக் கிழிக்கலாம்.

கிழிந்த துண்டுகள் நடுச்சாலையில் தங்குவதில்லை. ஓடும் வண்டிகளே அவற்றை அரைத்து, காற்றால் தள்ளி, இடது ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சேர்த்துவிடுகின்றன. நாம் சைக்கிள் ஓட்டும் இடமும் அதுதான். பாதுகாப்புக்காக ஓரமாகப் போகிறவருக்குக் கிடைப்பது சாலையின் குப்பைத்தொட்டி. பின்னால் வண்டி வராத நேரத்தில் கோட்டுக்கு ஓர் அடி உள்ளே ஓட்டுவதே பஞ்சரைக் குறைக்கும். லாரிகள் வரிசையாக நிறுத்தியிருக்கும் ஓரங்களில் இன்னும் கவனம் வேண்டும்.

தரையில் படுத்துக் கிடக்கும் கம்பி டயரில் எப்படி ஏறும்? எஃகு இழைகள் முறுக்கப்பட்டிருந்தவை என்பதால் அறுந்த துண்டு நேராக இருப்பதில்லை. வளைந்து, ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். முன்சக்கரம் அதை எற்றிவிடும், பின்சக்கரம் வாங்கிக்கொள்ளும். உடல் எடையில் பெரும்பங்கு விழுவதும் பின்சக்கரத்தில்தான், அதனால் பஞ்சரில் பெரும்பங்கும் அதற்கே. ஆனால் கம்பி முதல் குத்திலேயே ட்யூபைத் தொட்டுவிடுவது அபூர்வம். ரோடு பைக் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 475 சுற்று. மேல்தோலில் மாட்டிய கம்பியைப் பத்து கிலோமீட்டரில் தார்ச்சாலை 4,750 முறை அடித்து உள்ளே இறக்குகிறது. போகும் வழியில் குத்தியது திரும்பும் வழியில் காற்றை இறக்குவது இதனால்தான். துளை மிகச் சிறியதாக இருந்தால் வீடு வந்து சேர்ந்து, மறுநாள் காலையில்தான் டயர் தட்டையாகிக் கிடப்பது தெரியும்.

மற்ற பகைகளையும் சொல்லிவிட வேண்டும். வட்டாரத்தின் வறண்ட ஏரிக்கரைகளை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தின் முள் நீளமானது. வேலி வெட்டிய நாளில் அந்தப் பக்கம் எந்த டயரும் தப்பாது. மண்பாதையில் நெருஞ்சி. அமெரிக்க சைக்கிள்காரர்கள் ‘ஆட்டுத்தலை’ என்று பெயரிட்டுத் திட்டும் செடி இதே நெருஞ்சிதான், அங்கே இது வெளியிலிருந்து போய்க் குடியேறியது. கண்ணாடியில் இரண்டு வகை. கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடி பதப்படுத்தியது. உடைந்தால் மழுங்கிய மணிகளாகச் சிதறும், பார்க்கத்தான் பயம். பாட்டில் கண்ணாடி கத்தியாக உடையும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் டாஸ்மாக் திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கியது யானைகளையும் காட்டு விலங்குகளையும் மனத்தில் வைத்து, ஒரு வழக்கின் விளைவாக. சைக்கிள்காரர்களுக்காகவும் யாராவது ஒரு வழக்குப் போட்டிருக்கலாம்.

சரி, டயருக்குள் என்னதான் வைக்கிறார்கள்?

ரோடு பைக் டயரின் உடம்பு நைலான் இழைகளால் ஆனது. அதன்மேல் சாலையைத் தொடும் ரப்பர். இரண்டுக்கும் நடுவே பஞ்சரைத் தடுக்க ஒரு பட்டை. பிரபலமானது அராமிட் இழைப் பட்டை, அதாவது கெவ்லர் வகை. கெவ்லரின் வரலாறு நம் கதைக்கு நேரே வந்து நிற்கிறது. 1960-களில் பெட்ரோல் தட்டுப்பாடு வரக்கூடும் என்று எண்ணிய டுபாண்ட் நிறுவனம், ரேடியல் டயரில் உள்ள எஃகுக்குப் பதிலாக எடை குறைந்த, அதே உறுதியுள்ள இழையைத் தேடச் சொன்னது. அந்தத் தேடலில்தான் வேதியியலாளர் ஸ்டெஃபனி க்வோலெக் 1965-இல் இந்த இழை வகையைக் கண்டெடுத்தார். லாரி டயரிலிருந்து எஃகை அது விரட்டவில்லை. குண்டு துளைக்காத சட்டைக்கும், கடைசியில் எஃகுக் கம்பியைத் தடுக்கச் சைக்கிள் டயருக்கும் வந்து சேர்ந்தது.

தடுக்கிறதா என்றால், பாதி தடுக்கிறது. இழுவையைத் தாங்குவதில் அராமிட் இழை எஃகையே தோற்கடிக்கும். கத்தி போன்ற விளிம்பு அதன் குறுக்கே வந்தால் இழைகள் எதிர்த்து நிற்கும். கண்ணாடிச் சில்லுக்கு எதிராக இந்தப் பட்டை நன்றாக வேலை செய்யும். கால் மில்லிமீட்டர் கம்பிக்கு இழையை அறுக்கவேண்டிய தேவையே இல்லை. அரிசி மூட்டையின் சாக்கில் கோணி ஊசி போவதுபோல, இரண்டு இழைகளை விலக்கிக்கொண்டு நடுவே நுழைந்துவிடும். குண்டைத் தடுக்கும் சட்டையை ஊசிமுனை ஆயுதம் துளைத்துவிடுவதும் இதே காரணத்தால். நெசவு நெருக்கமாக இருந்தால் விலக்குவது கடினமாகும். கான்டினென்டல் நிறுவனம் தன் பந்தய டயர்களில் வெக்ட்ரான் என்ற வேறோர் இழையை நெருக்கமாக நெய்து வைக்கிறது. அது கம்பியைத் தாமதப்படுத்தும். 4,750 அடிக்குப் பிறகும் தாங்குமா என்பது அதிர்ஷ்டம்.

கம்பிக்கு எதிரான இரண்டாவது வழி இன்னும் எளியது: தூரம். நான்கு மில்லிமீட்டர் கம்பி ட்யூபைத் தொடாமலிருக்க, சாலைக்கும் ட்யூபுக்கும் இடையில் அதைவிட அதிகத் தடிமன் இருந்தால் போதும். ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரில் இழை நெசவை நம்பாமல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள மென்ரப்பர் அடுக்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன்மேல் மிதிபரப்பு ரப்பர் வேறு. சிறு கம்பி முழுதாக உள்ளே போனாலும் அந்த அடுக்கிலேயே புதைந்து கிடக்கும். ஓரகடம் ஆலைகளுக்கு இரவுப் பணிக்குப் போகும் தொழிலாளியின் பழைய கறுப்பு சைக்கிளும் ஏறக்குறைய இதே தத்துவத்தில் ஓடுகிறது. 28-க்கு ஒன்றரை அங்குலம் என்று எழுதியிருக்கும் அதன் டயரில் மந்திரப் பட்டை கிடையாது. கனத்த ரப்பரும் குறைந்த காற்றழுத்தமும்தான்.

அப்படியானால் எல்லோரும் தடித்த டயரையே போட்டுவிடலாமே? விலை சைக்கிள்காரரின் காலில் இருக்கிறது. உருளும் டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, விலகும்போது நிமிர்கிறது. நசுக்கச் செலவிட்ட ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை, கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். நசுங்கும் ரப்பர் அதிகமானால் இழப்பும் அதிகம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். நல்ல பந்தய டயரின் உருளல் தடைக் கெழுவை 0.004 என்று வைத்தால் டயர்கள் விழுங்குவது 22 வாட். தடித்த டயருக்கு 0.007 என்றால் 38 வாட். வித்தியாசம் 16 வாட். சமதளத்தில் இந்த வேகத்துக்குப் பொழுதுபோக்குச் சைக்கிள்காரர் செலவிடும் மொத்த சக்தியே நூறு வாட் சுற்றுவட்டாரம்தான் என்பதால் இது சின்னத் தொகை இல்லை. அதே மிதியில் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். 60 கிலோமீட்டர் சுற்றில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாமதம். வெயிலில் நின்று ஒரு பஞ்சர் ஒட்டவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். ஆக, வாராவாரம் பஞ்சர் ஆகிறவருக்குத் தடித்த டயர் லாபம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறவர், வராத பஞ்சருக்காக ஒவ்வொரு ஞாயிறும் வரி கட்டிக்கொண்டிருப்பார்.

விளம்பரங்களில் வரும் பாதுகாப்பு எண்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஏழுக்கு ஆறு, ஐந்துக்கு நான்கு என்று போடுவது அந்தந்த நிறுவனத்தின் சொந்த அளவுகோல். ஒன்றின் ஆறும் மற்றொன்றின் ஆறும் ஒன்றல்ல. பக்கச்சுவருக்குத் தனிக் கவசம் என்பதற்குக் கூடுதல் பணம் தரும் முன் யோசிக்கலாம். கம்பி ஏறுவது மிதிபரப்பில், பக்கத்தில் அல்ல. ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் சிந்திவிட்டுப் போகும் திருப்பங்களில் மட்டும் அந்தக் கவசம் தன் சம்பளத்துக்கு வேலை செய்யும்.

இழைக்கும் தடிமனுக்கும் கொடுக்கும் கவனத்தில் பாதியை அகலத்துக்குக் கொடுத்தால் நல்லது. முன்பெல்லாம் ரோடு பைக் என்றால் 23 மில்லிமீட்டர் டயர், 110 பிஎஸ்ஐ காற்று. இப்போது பந்தய வீரர்களே 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். 100 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. பின்சக்கரத்தில் 48 கிலோ விழுந்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு 7 சதுர சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 70 பிஎஸ்ஐ ஆக்கினால் அது 10-ஐ நெருங்கும். டயருக்கு அடியில் மாட்டிய கம்பியை உள்ளே நெருக்குவது காற்றின் அழுத்தமே என்பதால், அழுத்தம் குறைந்தால் டயர் பொருளைச் சுற்றி வளைந்துகொடுக்கும், நெருக்கல் தணியும். 23 மில்லிமீட்டரில் அழுத்தத்தைக் குறைக்க முடியாது. குழியில் விழுந்தால் விளிம்புக்கும் தரைக்கும் இடையில் ட்யூப் மாட்டிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். 28-இல் முடியும். 75 கிலோ எடையுள்ளவருக்கு பின்னால் 70 முதல் 80, முன்னால் அதைவிட ஐந்து குறைவு என்று தொடங்கிப் பார்க்கலாம். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தம் எல்லைதான், அறிவுரை அல்ல. வாங்கும் முன் பிரேக்குக்கும் ஃபிரேமுக்கும் இடையில் 28 நுழையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஃபிரேம்கள் பலவற்றில் 25-க்கு மேல் இடம் கிடையாது.

கம்பிக்கு இன்னொரு பதில் ட்யூபே இல்லாமல் ஓட்டுவது. ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் பெரும்பாலும் ரப்பர் பாலை அடிப்படையாகக் கொண்டது, கன்னியாகுமரித் தோட்டங்களில் கொட்டாங்கச்சியில் சொட்டும் அதே பால். அது உறையாமலிருக்க வேதிப்பொருளும், ஓட்டையை அடைக்க நுண்துகளும் சேர்த்திருப்பார்கள். துளை விழுந்ததும் காற்று அந்தப் பாலை வெளியே தள்ளும், துகள்கள் வாயில் மாட்டும், பால் உறைந்துவிடும். இந்த முறைக்குப் பெரிய வெட்டுதான் பகை. அதிக அழுத்தத்தில் பால் உறைவதற்குள் பீய்ச்சி அடித்துத் தீர்ந்துபோகும். ஆனால் கால் மில்லிமீட்டர் துளை அதற்கு மிகவும் பிடித்த அளவு. பல சமயம் கம்பி குத்தியதே தெரியாமல் வீட்டுக்கு வந்துவிடலாம். குறை, நம் ஊர்ச் சூடு. சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். ஊற்றியதை மறந்தவர் சீலன்ட் இல்லாத டயரில்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். விளிம்பும் டயரும் ட்யூப்லெஸுக்கென்று செய்தவையாகவும் இருக்க வேண்டும்.

இந்தச் சாலைக்கு என்னைக் கேட்டால்: ட்யூப்லெஸ் விளிம்பு இருந்தால் 28 அல்லது 30 மில்லிமீட்டர், நடுத்தர எடையுள்ள டயர், உள்ளே சீலன்ட். ட்யூப்தான் என்றால் இழைப் பட்டையோடு மிதிபரப்பு ரப்பரும் தடித்திருக்கும், ‘எல்லாப் பருவத்துக்கும்’ என்று விற்கும் வகை. மாரத்தான் பிளஸ் போன்றது வேலைக்குத் தினமும் போய்வருபவருக்கு. பழைய ட்யூபை நீளமாகக் கீறி டயருக்குள் பட்டையாக வைப்பது பஞ்சர் கடைகளின் பழைய வித்தை. கம்பியைத் தடுப்பதில் அது தவறில்லை, ஆனால் ஓரத்தைச் சீவி மெல்லிதாக்காவிட்டால் அந்த ஓரமே உரசி ட்யூபை ஓட்டையாக்கும். காற்றே இல்லாத கெட்டி ரப்பர் டயரைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, முதுகெலும்பு உள்ளவர்களுக்கும் விருப்பமிருக்காது.

புது டயரை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னுக்கு மாற்றுவது நல்ல பழக்கம். பின்டயர்தான் சீக்கிரம் தேயும், தேய்ந்த ரப்பரில் தூரம் குறையும். முன்டயர் திடீரென்று காற்றிழந்தால் விழும் ஆபத்து அதிகம் என்பதால் நல்லது அங்கே இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பஞ்சர் கூடும். ஓரத்துக் குப்பையை மழைநீர் சாலைக்கு இழுத்து வருகிறது, ஈரம் பொருளை டயரில் ஒட்ட வைக்கிறது, நனைந்த ரப்பரைக் கூர்முனை எளிதாக வெட்டுகிறது. ஐப்பசி கார்த்திகையில் ஓட்டி முடித்ததும் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தால், இறங்கத் தொடங்கிய கம்பியைப் பாதிவழியிலேயே பிடித்துவிடலாம்.

பஞ்சர் ஆகிவிட்டால் ட்யூபை மாற்றுவது பாதி வேலைதான். கம்பி டயரிலேயே இருக்கும், புது ட்யூபையும் குத்தும். கடைக்காரர்கள் விரலால் உள்ளே தடவுவார்கள், இந்தக் கம்பி விரலுக்கு அகப்படாது. அகப்பட்டால் விரலில் ஏறும். ஒரு பஞ்சுத் துணியை உள்ளே சுற்றி இழுத்தால் நூல் மாட்டிக்கொள்ளும் இடம்தான் கம்பி. ட்யூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வால்வுக்கு நேராக அளந்து டயரில் அதே இடத்தைத் தேடுவது இன்னும் விரைவு. அதற்காகவே டயரின் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுகிறார்கள். உள்ளிருந்து தள்ளாமல் வெளியிலிருந்து முள் இடுக்கியால் பிடுங்க வேண்டும்.

நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில் சொல்யூஷன், ஒட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பொருந்தும் பம்பு முனை இருக்காது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சேணப் பைக்குள் போட்டு வைத்தால், மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரிலேயே நிரப்பிக்கொள்ளலாம். கம்ப்ரஸரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கச் சொல்லுங்கள். லாரி டயருக்குப் பழகிய கை அது.